எந்த மாதத்து இலை, எந்தக் கிளையின் இலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன், இலைப் பரிசோதனை செய்து அதற்கேற்ப உரமிடுமாறு தோட்டக்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் சிறு குறிப்பு ஒன்று வந்திருந்தது. நல்ல அறிவுரைதான். ஆனால் இலையை எந்த மாதத்தில் பறிப்பது, கிளையில் எத்தனையாவது இலையைப் பறிப்பது என்ற இரண்டும் அதில் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் இலையைப் பறித்து அனுப்பி, ஒரு முழு ஆண்டு விளைச்சலை இழந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கினால் பயன்படாமல் போய்விடும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் மங்களங்கொம்புக்கும் இடையே எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நான் முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். தோட்டத்தைக் கவனித்தவர் என் கணவர். அவர் காலமான பிறகு, 2016 முதல் நானே பார்த்து வருகிறேன். எல்லாம் அரபிகா. பெரும்பகுதி செலக்சன் 795 ரகம், கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் காவேரி ரகம். நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும் நிற்கின்றன. சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது. மாமனார் காலத்தில் ஆரஞ்சு விற்றே மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்தார்கள் என்பார்கள். இப்போது பதினேழு ஆரஞ்சு மரங்கள் மிச்சம். பட்டர் புரூட் மரம் ஆறு.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மலை வழியாகவும் போனது. அன்றிரவு எங்கள் தோட்டத்தில் பதினொரு சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்தன. விழுந்த மரங்களின் கீழே நசுங்கிய காப்பிச் செடிகளைப் பற்றித்தான் அப்போது அழுதேன். தப்பிய செடிகளுக்கு என்ன நேரப்போகிறது என்பது அன்று தெரியவில்லை. நிழல் போன இடத்தில் வெயில் நேராக விழுந்தது. வெயில் பட்ட காப்பிச் செடி அதிகமாகப் பூக்கும், அதிகமாகக் காய்க்கும். அதற்கேற்பச் சத்தும் அதிகமாகக் கேட்கும். காப்பிக்கு ஒரு குணம் உண்டு. மாமரம் தன்னால் தாங்க முடியாத பிஞ்சுகளை உதிர்த்துவிடும். காப்பிச் செடி பிடித்த காய்களைப் பெரும்பாலும் விடாது, தன் இலையையும் வேரையும் கிளை நுனியையும் இழந்தாவது காயை வளர்த்துவிடும்.

2022 பங்குனியில் பூ மழை, அதாவது காப்பி மொட்டுகளை மலர வைக்கும் கோடை மழை, அருமையாகப் பெய்தது. ஓர் அங்குலத்துக்கும் மேல் இருக்கும். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் கதவைத் திறந்தேன். சரிவு முழுவதும் வெள்ளை. மல்லிகைப் பந்தலுக்குள் நிற்பது போன்ற வாசம். அந்த வருடம் பூத்தது போல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த சில வாரங்களில் எங்கள் ஊருக்கு ஒரு பரிசோதனை முகாம் வந்தது. யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. "இலை கொண்டு வாருங்கள், சத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறோம்" என்றார்கள். நான் தோட்டத்துக்குள் போய், மழைக்குப் பின் துளிர்த்த இலைகளில் பளபளப்பாக, பூச்சி அரிக்காத, நல்ல இலையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைப்பது போல. அவர்கள் சீட்டில் "காப்பி இலை" என்று எழுதிக்கொண்டார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

முடிவு வந்தது. தழைச்சத்து (நைட்ரஜன்) போதுமானது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதுமானது, சாம்பல் சத்து (பொட்டாஷ்) அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! பொட்டாஷ் வாங்கும் செலவு மிச்சமாயிற்று. அந்தப் பணத்தில் நாற்பது மூட்டை சுண்ணாம்பு வாங்கி, ஜீப்பில் ஏற்றி வந்து, நான்கு ஏக்கருக்கும் தூவினோம். வைகாசியிலும் ஆவணியிலும் போட வேண்டிய பொட்டாஷைப் போடவில்லை.

ஆவணிக் கடைசியில் காய்த்த கிளைகளின் உள்பக்கத்து இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. முதலில் வெயில் என்று நினைத்தேன். புரட்டாசியில் அந்த இலைகள் உதிர்ந்தன. பிறகு கிளை நுனி கறுத்துக் காய்ந்து, பின்னோக்கி வந்தது. காய் மட்டும் கொத்துக் கொத்தாக நின்றது, இலையில்லாத குச்சியில் காய். எங்களிடம் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் ஒரு கிளையைப் பிடித்துக் காட்டி, "டீச்சரம்மா, செடி தன்னையே தின்று காய்க்குக் கொடுக்கிறது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் காய்களிலும் பாதி பழுக்காமலே வதங்கிக் கறுத்தன. காப்பி முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் காய்க்கும் என்பதால், கிளை காய்ந்த இடத்தில் 2023இல் பூவே இல்லை.

காப்பி ஆராய்ச்சித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. "எந்த மாதம் பறித்தீர்கள்? நுனியிலிருந்து எத்தனையாவது இலை ஜோடி? கிளையில் காய் இருந்ததா?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். சித்திரை, நுனித் துளிர், பார்க்கவில்லை என்றேன். "அப்படியானால் இந்தத் தாளில் இருப்பது உங்கள் தோட்டத்தின் கதை இல்லை, துளிர் இலையின் கதை" என்றார்.

அன்று மாலை அவர் சொன்னதையும், அதன் பிறகு நானே படித்தும் பார்த்தும் அறிந்ததையும் உங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன். மலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே செடியில், ஒரே நாளில், துளிர் இலையும் முற்றிய இலையும் ஒரே அளவு சத்தை வைத்திருப்பதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் செடிக்குள் ஓடிக்கொண்டே இருப்பவை. எங்கே வளர்ச்சி நடக்கிறதோ அங்கே போகும். துளிர் வரும்போது துளிரில் இருக்கும். காய் பருக்கும்போது காய்க்குப் போகும். அதனால் இளம் இலையில் இவை அதிகமாகவும், இலை முற்ற முற்றக் குறைவாகவும் இருக்கும். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இதற்கு நேர் எதிர். அது வேரிலிருந்து தண்ணீரோடு ஏறி இலைக்கு வந்து, செல்லின் சுவரில் செங்கல்லாகப் பதிந்துவிடும். பதிந்தது திரும்பி வராது. நாளாக ஆக இலையில் சேர்ந்துகொண்டே போகும். ஆக, பத்து நாள் துளிரைப் பறித்து அனுப்பினால் பொட்டாஷ் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டாமல் வேறு எப்படிக் காட்டும்? என் தோட்டத்தில் பொட்டாஷ் நிறைந்திருக்கவும் இல்லை, கால்சியம் பஞ்சமும் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கி, இருந்த பசியைப் பட்டினி போட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, மண்ணில் கொட்டிய சுண்ணாம்பு, வேர் பொட்டாஷை எடுப்பதற்கும் போட்டியாக நின்றது.

இலையில் குறை எங்கே தெரிகிறது என்பதையும் இதே கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஓடும் சத்துகள் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புதியதற்குக் கொடுக்கும். அதனால் தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் இவற்றின் குறை கிளையின் உள்பக்கத்துப் பழைய இலையில்தான் முதலில் தெரியும். கால்சியம், போரான், இரும்பு போல எளிதில் இடம் பெயராதவற்றின் குறை நுனித் துளிரில் தெரியும். ஆவணியில் என் செடிகளில் கருகியது உள்பக்கத்து இலை. செடி தெளிவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கையில் இருந்த தாளை நம்பினேன்.

பறித்த மாதமும் தவறு என்று அவர் சொன்னார். கோடையில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு மட்கைச் சிதைக்கின்றன. அப்போது நைட்ரேட் வடிவிலான தழைச்சத்து மண்ணில் ஒரேயடியாக வெளிப்படும். 1950களில் கென்யாவில் பிர்ச் என்ற ஆராய்ச்சியாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நாம் எல்லோரும் கண்ணால் காண்பதுதான், முதல் மழைக்குப் பின் வரும் அந்தக் கரும்பச்சை. அது சில வாரங்களில் அடங்கிவிடும். அந்தச் சில வாரங்களில் பறித்த இலையை வைத்து ஒரு வருடத்து உரத்தைத் தீர்மானிப்பது, பொங்கல் அன்று அடுக்களையைப் பார்த்து அந்த வீட்டின் வருமானத்தை மதிப்பிடுவது போன்றது.

வேறு மாதங்களிலும் வேறு விதமான ஏமாற்றங்கள் உண்டு. செடி வேகமாக வளரும்போது, உள்ளே வரும் சத்து அதிகமாக இருந்தாலும், புதிய இலைப் பரப்பில் பரவி, தண்ணீர் கலந்த மோர் போல நீர்த்துத் தெரியும். வறட்சியில் வளர்ச்சி நின்றுவிட்டால், வேர் எதையும் எடுக்காத நிலையிலும் எண் சில நேரம் நன்றாகவே தெரியும். பொட்டாஷ் இலையில் எதனோடும் இறுகக் கட்டுண்டு இருப்பதில்லை, சாற்றில் கரைந்தே இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் பத்து நாள் நனைந்த இலையிலிருந்து அது கழுவிக்கொண்டு இறங்கும். (நிழல் மரத்திலிருந்து சொட்டும் நீரில் அதே பொட்டாஷ் காப்பிக்குக் கிடைக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. கஜாவில் விழுந்த அந்தப் பதினொரு மரங்களோடு அதுவும் போயிற்று.) இலைத் துரு நோய்க்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிக்கிறோம் அல்லவா? தெளித்த பின் பறித்த இலையைச் சரியாகக் கழுவாமல் சோதித்தால், மேலே ஒட்டிய சுண்ணாம்பும் தாமிரமும் இலைக்குள் இருப்பதாகவே கணக்கில் ஏறும். ஆகவே, மருந்து தெளிப்பதற்கு முன் பறிக்க வேண்டும்.

அடுத்த தவறும் என்னுடையதுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்ட அடியால், 2024இல் பொட்டாஷை அள்ளிப் போட்டேன். இலை ஓரம் கருகவில்லை. ஆனால் காய் பருக்கும் சமயத்தில் காய்க் கொத்துக்குப் பக்கத்து இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தது. அது மெக்னீசியக் குறை. மண்ணில் மெக்னீசியம் இருந்தும், பொட்டாஷ் மிகுந்தால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறையும். காயின் பசி உச்சத்துக்கு வரும் மாதத்தில்தான் அந்தத் தட்டுப்பாடு இலையில் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு சத்தும் தனித்தனியே எவ்வளவு என்று பார்த்தால் போதாது, ஒன்றுக்கு ஒன்று என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அந்த விகிதமும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதை அந்த வருடம்தான் உண்மையில் உணர்ந்தேன். இப்போது சுண்ணாம்பு தேவைப்படும் ஆண்டில் டோலமைட் போடுகிறேன். அதில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன.

வில்பட்டியில் என் நாத்தனாருக்குப் பேரியும் பிளம்ஸும் இருக்கின்றன. அந்த மரங்கள் குளிருக்கு முன் இலையை உதிர்ப்பவை. உதிர்க்கும் முன் இலையில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய பாதியை மரம் உள்ளே இழுத்து, பட்டையிலும் வேரிலும் சேமித்துக்கொள்கிறது. தை, மாசியில் மொட்டை மரத்தில் பூ வெடிக்கிறதே, அந்தப் பூவுக்கும் முதல் இலைக்கும் சத்து பெரும்பாலும் அந்தச் சேமிப்பிலிருந்துதான். என் நாத்தனார் வருடாவருடம் பூவைப் பார்த்த பிறகு உரம் போட்டு, "இந்த வருடப் பூவுக்குப் போட்டேன்" என்பார். அந்தப் பூவுக்கான சாப்பாடு முந்தைய ஆண்டு இலை பச்சையாக இருந்தபோதே போயிருக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. இப்போது பழம் பறித்து முடித்த பிறகு, இலை உதிர்வதற்கு முன்பாகவே ஒரு பங்கு உரத்தைப் போடத் தொடங்கியிருக்கிறார்.

எங்கள் நிழல் மரங்களிலும் இதே கதைதான். மாசி, பங்குனியில் பழுத்து விழும் சில்வர் ஓக் சருகு மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சத்தை மரத்திடமே விட்டுவிட்டு விழுந்த இலை. மட்கவும் நாளாகும். கல்யாண முருங்கையோ காற்றின் நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடித்து வைக்கும் மரம். மழைக்கு முன் அதன் கிளையைப் பச்சையாகக் கழித்துச் செடியடியில் போட்டால் சில வாரங்களில் கரைந்து மண்ணாகிவிடும். பழுத்து விழும்வரை காத்திருப்பதைவிடப் பச்சையாகக் கழித்துப் போடுவதில் தழைச்சத்து அதிகம். என் கணவர் ஒவ்வொரு வைகாசியிலும் இதைச் செய்வார். ஏன் என்று நான் அப்போது கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஆரஞ்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துளிர்க்கும் பருவத்தில் புதிய இலை சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சளாக வந்தால் உடனே பசுமை மாறும் நோய் என்று மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். துத்தநாகக் குறையிலும் இலை அப்படித்தான் வரும். நடு நரம்பின் இரண்டு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் துத்தநாகக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் திட்டுத் திட்டாக இருந்தால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பதினேழில் நான்கு மரங்களை இப்படிப் பார்த்துத்தான் வெட்டாமல் விட்டேன். துத்தநாக சல்பேட் தெளித்த பிறகு அவை தெளிந்துவிட்டன.

இனி, அதிகாரிகளும் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். காப்பிக்கு உரத்தை நான்கு தவணையாகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். பூவுக்கு முன், பூவுக்குப் பின், நடு மழைக்காலம், மழைக்குப் பின். இதில் மூன்றாவது ஆகஸ்ட், நான்காவது அக்டோபர் என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் ஓயும் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் குடகுக்கும் சிக்மகளூருக்கும் அது பொருந்தும். கீழ்ப்பழனியின் கிழக்குச் சரிவில் எங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அவர்களுக்கு அக்டோபர் என்றால் மழை ஓய்ந்த மாதம். எங்களுக்கு அதுதான் மழை பிடிக்கும் மாதம். அப்போது யூரியாவைப் போட்டால், அது நைட்ரேட்டாக மாறிச் சரிவோடு மருதாநதிக்குப் போய்ச் சேரும். பூ மழைக்குப் பின் காய் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மாதம் குண்டூசித் தலை அளவில் அப்படியே நிற்கும். பிறகு மளமளவென்று பருக்கும். அதன் பிறகு உள்ளே பருப்பு கெட்டிப்படும். பங்குனியில் பூத்ததற்கு இந்த இரண்டு கட்டமும் ஆனியிலிருந்து புரட்டாசி வரை நடக்கின்றன. செடியின் பசி உச்சத்தில் இருப்பது இந்த மாதங்களில்தான். அந்த மாதங்களில் எங்களுக்குக் கிடைப்பது விட்டு விட்டுப் பெய்யும் இடிமழை. எனவே மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளைப் பார்த்து, சிறு சிறு பங்காகப் போட வேண்டியிருக்கிறது. நாட்காட்டியில் தேதி குறித்துப் போட முடியாது. ஆனால் கடையில் பொட்டாஷ் எப்போது வருகிறது? எனக்கு நினைவு தெரிந்து பல ஆண்டுகள் ஆடியில் கேட்டால் "இன்னும் வரவில்லை" என்பார்கள், ஐப்பசியில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

தோட்டத்திலிருந்து பொட்டாஷ் வெளியே போகும் வழியும் ஒன்று உண்டு. பழத்தோலில் பொட்டாஷ் மிகுதி. ஒரு கிலோ சுத்தமான காப்பிக் கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பழமாகவோ உலர்ந்த காயாகவோ மூட்டை கட்டி பட்டிவீரன்பட்டிக்கு அனுப்பும்போது அந்தத் தோலும் வண்டியேறிவிடுகிறது. சிறு தோட்டக்காரர்கள் எல்லோராலும் பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் வாங்க முடியாது. நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து ஒரு பழைய கைப்பல்பரை வாங்கினோம். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலைக் குழியில் சாணத்தோடு போட்டு மட்க வைத்து, அடுத்த ஆனியில் செடிக்கே திருப்பிப் போடுகிறோம். மூன்று வீடு சேர்ந்தால் யாராலும் முடியும்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. இலைப் பரிசோதனை நடத்துகிற எவராக இருந்தாலும், அரசோ தனியாரோ, சீட்டில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். பறித்த தேதி, நுனியிலிருந்து எத்தனையாவது இலை ஜோடி, அந்தக் கிளையில் காய் உண்டா இல்லையா. கடைசியாக மருந்து தெளித்த நாளையும் கேட்டால் இன்னும் நல்லது. அந்த வரிகள் காலியாக இருந்தால் இலையை வாங்கவே கூடாது. காப்பிக்கு நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது ஜோடியைப் பறிக்க வேண்டும், தோட்டம் முழுக்கச் சுற்றிப் பல செடிகளில் பறிக்க வேண்டும், பிளாஸ்டிக் பையில் அடைத்து அவிய விடாமல் காகிதப் பையில் கொடுக்க வேண்டும் என்பதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே ஊரில் சொல்லிவிட வேண்டும். முகாம்கள் அலுவலகத்து வசதிப்படி வராமல், மாசியில் பூ மழைக்கு முன் ஒரு முறையும் ஆடியில் காய் பருக்கும்போது ஒரு முறையும் மலைக்கு வர வேண்டும். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால், ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் வர வேண்டும். அப்போதுதான் போன ஆண்டு எண்ணை இந்த ஆண்டு எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். சித்திரைத் துளிரையும் புரட்டாசி முற்றலையும் ஒப்பிட்டு யாருக்கு என்ன பயன்?

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேளாண் பக்கத்தில் உரம் பற்றிக் குறிப்பு வெளியிடும்போது, அது எந்த மழையை நம்பிய நிலத்துக்கு என்பதையும் எந்த மாதத்துக்கு என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். எங்கள் ஊரில் நாளிதழ் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி வருகிறது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்கிறார்கள். அச்சில் வந்துவிட்டால் அதை அப்படியே நம்புகிறார்கள்.

இந்த மாசியில் நான் முப்பது செடிகளில், காய்த்து ஓய்ந்த கிளை ஒன்றும் இந்த ஆண்டு காய்க்கப்போகும் கிளை ஒன்றுமாகத் தேர்ந்தெடுத்து, பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டி வைத்திருக்கிறேன். பூ மழைக்கு முன் பறிக்க வேண்டியதைப் பறித்து, அரிசி களைவது போல நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி அனுப்பிவிட்டேன். ஆடியில் அதே கிளைகளில் மறுபடி பறிப்பேன். இரண்டு முடிவுகளும் வந்ததும், எண்களையும் அந்தந்த மாதத்து மழையளவையும் சேர்த்துத் தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் யாராவது இதேபோல் இலை பறித்துப் பார்த்திருந்தால், அவர்களும் தங்கள் பக்கத்துக்கு எழுத வேண்டுகிறேன். அவர்கள் சரிவுகளில் மழை பெய்யும் விதம் வேறு. ஆடிக் கணக்கும் வேறாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தாண்டிக்குடி வழி,
திண்டுக்கல் மாவட்டம்.